ரோல் பார் இல்லாமல் டிராக்டர் விற்காதீர்கள்

போன சனிக்கிழமை காலையில் ஒரு இளம் தம்பதி டிராக்டர் பார்க்க வந்தார்கள். முப்பது வயது இருக்கும். சைலர் சிட்டிக்கு அந்தப் பக்கம் பத்து ஏக்கர் வாங்கியிருக்கிறார்களாம், ஆடு வளர்க்க ஆசை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. விலையில்தான் இடித்தது. கடைசியில் அந்தப் பையன் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பாரைத் தட்டிக் காட்டி, "இதை நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு எண்ணூறு டாலர் குறைத்துக் கொடுங்களேன். எங்கள் நிலம் சமதரை, எங்களுக்கு இது தேவைப்படாது" என்றான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனார்கள்.

என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதோட மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டீங்க. அது என்ன பொண்ணா, மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிறதுக்கு?" என்றாள். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் கொட்டகையில் இடத்தை அடைக்கிறதே என்ற ஆதங்கம்.

காரணத்தை இதுவரை நான் இங்கே எழுதியதில்லை. எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். என்னைப் போலப் பழைய ஜப்பான் டிராக்டரை வாங்கி, சரி செய்து, விற்கிறவர்கள் இங்கே அமெரிக்காவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் நம்மவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது 2011இல். வட கரோலினாவில், கேரி ஊரின் வீட்டை விற்றுவிட்டு, சாத்தம் கவுண்டியில் ஏழு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கினோம். தஞ்சாவூர்க்காரனுக்கு வயசான காலத்தில் மண்ணு கேட்கும் என்பார்கள், எனக்கும் கேட்டது. ஆனால் இங்கே மண் செம்மண், மழை பெய்தால் களி, காய்ந்தால் செங்கல். கையால் கொத்திப் பார்த்து இடுப்பு போனதுதான் மிச்சம். டிராக்டர் வேண்டும் என்றாகிவிட்டது.

புது மினி டிராக்டர் விலை கேட்டால் மயக்கம் வரும். அப்போதுதான் கிரே மார்க்கெட் டிராக்டர் பற்றித் தெரிந்தது. கிரே என்றால் வண்டியின் நிறம் இல்லை. ஜப்பான் விவசாயி சின்னச் சின்ன நெல் வயலில் ஓட்டுவதற்காக அந்த நாட்டுக்கென்றே செய்த வண்டிகள், யான்மார், குபோட்டா, இசேகி போன்றவை. பதினைந்து முதல் முப்பது குதிரைத் திறன். அங்கே பழசாகி ஒதுக்கிய பிறகு, கம்பெனியின் சொந்த டீலர் வழியாக இல்லாமல், வேறு வியாபாரிகள் கன்டெய்னரில் அடுக்கி இங்கே கொண்டு வந்து விற்பார்கள். வியட்நாமுக்குப் போய் அங்கே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பிறகு இங்கே வருவதும் உண்டு. திருட்டுச் சரக்கும் இல்லை, கம்பெனி கைகழுவாத சரக்கும் இல்லை. அதனால்தான் கிரே.

நான் முதலில் வாங்கியது 2012 வசந்த காலத்தில். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை, குறை கம்பெனியுடையது அல்ல. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மைதானம், அங்கே பல்வரிசை மாதிரி இருபது முப்பது டிராக்டர்கள் பளபளவென்று நின்றன. 4,800 டாலர். மணி மீட்டர் 1,100 என்று காட்டியது. எனக்கு முப்பது வருட மெக்கானிக்கல் அனுபவம் என்ற திமிர் வேறு. இருபது நிமிடத்தில் செக் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பெயிண்டை கிரீஸ் மேலேயே அடித்திருக்கிறார்கள். ரப்பர் ஹோஸ் மேலே, வயர் மேலே, டயரின் காற்று வால்வு மேலேகூடப் பெயிண்ட். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து, அடியில் இரும்பும் பள்ளம் விழுந்திருந்தது. 1,100 மணி நேரத்தில் எந்தக் காலும் அப்படித் தேய்க்காது. மூவாயிரமாவது ஓடியிருக்க வேண்டும், மீட்டர் மட்டும் மறுபிறவி எடுத்திருக்கிறது.

ஆனாலும் அந்த இன்ஜினை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறி, ரேடியேட்டரில் ஆறி, கீழே இறங்கும். அவ்வளவுதான். குளிரில் கிளப்புவதற்கு ஒரு டிகம்ப்ரஷன் லீவர். அதை இழுத்துப் பிடித்துச் சுற்றவிட்டு, வேகம் வந்ததும் விட்டால் டக் டக் டக் என்று பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஆயில் இன்ஜின் பம்பு செட்டின் சத்தம். அதைக் கேட்டுவிட்டு என் மனைவிகூட வாசலுக்கு வந்து நின்றாள்.

மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். கியர் பெட்டியில் எண்ணெயைத் திறந்தால் டிகிரி காபி மாதிரி வந்தது. கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, வருடக்கணக்காக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த வண்டிகளில் ஹைட்ராலிக்குக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான், ஆக இரண்டும் கெட்டது. மூன்று தடவை வடித்து ஊற்றிய பிறகுதான் நிறம் தெளிந்தது. டீசல் டேங்கில் துரு, ஃபில்டரில் பாசி. முன் அச்சில் சீல் ஒழுகல். டைனமோ வயரை யாரோ பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார்கள். உதிரி பாகங்களுக்கு மட்டும் 1,150 டாலர். பாகம் கிடைக்குமா என்று பயந்தேன். பயந்த அளவுக்கு இல்லை. 1970களின் கடைசியில் ஜான் டீர் பெயரில் இங்கே விற்ற 850, 950 மாடல்களை ஜப்பானில் செய்து கொடுத்ததே யான்மார்தான். அப்படி உறவு இருப்பதால் இந்த ஜாதி வண்டிகளுக்கென்றே பாகம் விற்கும் கடைகள் இருக்கின்றன.

பெயிண்டைச் சுரண்டும்போது மட்கார்டில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. ஜப்பானிய எழுத்து. ஒரு நண்பரின் மகள் கல்லூரியில் அந்த மொழி படித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்து அனுப்பினேன். "சரிவில் வண்டி கவிழும் அபாயம், கவனம் என்று போட்டிருக்கு அங்கிள்" என்றாள். எச்சரிக்கையின் மேலேயே பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறானே என்று அன்றைக்கு அந்த வியாபாரியைத் திட்டித் தீர்த்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியில் ரோல் பார் இல்லை. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் ஒரு இடைவெளியைக் காப்பாற்றித் தரும் இரும்பு வளைவு அது. பின் அச்சு உறையில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். கூடவே சீட் பெல்ட். பெல்ட் இல்லாமல் பார் மட்டும் இருந்தால் பாதிப் பிரயோஜனம்தான். பார் இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டால் வண்டியோடு சேர்த்துக் கட்டிப் போட்டதாக ஆகும். இரண்டும் இருந்தால் கவிழ்வதில் சாவு ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம், 99 சதவீதம் தடுக்கிறது என்று இங்கே பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அமெரிக்கப் பண்ணைகளில் உயிர் போவதற்கு முதல் காரணம் டிராக்டர் கவிழ்வதுதான். பாம்பும் இல்லை, மருந்தும் இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். 'விலை எவ்வளவு' என்று விசாரித்தும் வைத்திருந்தேன். என் மாடலுக்குச் சோதித்துச் செய்து விற்கிற ஒருவர் இருந்தார். பெல்ட்டோடு, அனுப்பும் செலவோடு 700 டாலர். அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இரண்டு வருடம் ஓட்டினேன்.

2014இல் கொஞ்சம் பெரிய வண்டி கிடைத்தது, இதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து ரோட்டுக்காரர் ஒருவர் வந்தார். அறுபது வயது, தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். 6,200 டாலருக்குப் பேசி முடித்தோம். ரசீதில் என் கைப்பட எழுதினேன்: ரோல் பார் கிடையாது, வண்டி 'ஆஸ் ஈஸ்' விற்கப்படுகிறது. அதாவது இருக்கிறது இருக்கிறபடியே, நாளைக்கு என்னிடம் வந்து நிற்காதே.

கணக்கைப் பாருங்கள். வாங்கியது 4,800, செலவு 1,150, விற்றது 6,200. லாபம் 250 டாலர். மூன்று மாத உழைப்புக்கு 250 டாலர் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன், உள்ளுக்குள் பெருமை. ரோல் பார் போட்டிருந்தால் 450 டாலர் நஷ்டம். பென்ஷனும் சேமிப்பும் இருக்கிற ஒரு ரிட்டயர்ட் இன்ஜினியர், 450 டாலர் நஷ்டம் தாங்க முடியாமல், அந்த இரும்பைப் போடாமல் விற்றான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கதை இதுதான்.

அடுத்த வருடம் அக்டோபரில் அவர் ஒரு பைன் மரத்து அடிக்கட்டையைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். சங்கிலியைக் கீழே டிராபாரில் கட்டாமல், மேலே டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டிவிட்டார். அங்கே கட்டினால் இன்னும் நன்றாக இழுக்கும் என்று தோன்றும், தோன்றுவது இயற்கைதான். ஆனால் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், கட்டை அசையாதபோது பின் சக்கரம் நின்றுவிடும், இன்ஜின் விடாது, வண்டி தன் அச்சைச் சுற்றித் தானே மேலே ஏறும். முன் சக்கரம் தூக்கியதிலிருந்து, இனித் திரும்பாது என்கிற நிலைக்கு வர முக்கால் நொடி போதும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் வானம் தெரியும்.

எண்ணூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த வண்டி. முதல் நாள் மழை பெய்து மண் இளகியிருந்தது, ஸ்டீயரிங்கும் மட்கார்டும் சேர்ந்து கொஞ்சம் இடம் விட்டது, அதனால் உயிர் இருந்தது. இடுப்பு எலும்பும் இடது தொடையும் நொறுங்கி, அவர் மனைவி கடையிலிருந்து வந்து பார்க்கும்வரை ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். டீசல் சொட்டிக்கொண்டே இருந்தது என்று பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். "உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் எழுதித்தானே கொடுத்தீர்கள். முட்டாள்தனம் பண்ணினது நான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே கூசியது. நசுங்கிக் கிடக்கிற மனிதன் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறான், நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வேலையில் இருந்தபோது பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம். கப்ளிங் மேல் மூடி இல்லாத பம்பை ஒரு நிமிடம்கூட ஓட்ட விட்டதில்லை. அதற்காக மேனேஜர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், சரக்கு கிளம்பத் தாமதமானாலும் பரவாயில்லை என்று நின்றிருக்கிறேன். அப்போது பணம் கம்பெனியுடையது. சொந்தப் பணம் 700 டாலர் என்று வந்ததும் அந்த வீராப்பு எங்கே போனது? பெயிண்டுக்காரன் எச்சரிக்கையின் மேல் பெயிண்ட் அடித்தான். நான் அதை ரசீதில் எழுதிக் கொடுத்தேன். வண்டி ஒன்றுதான், நிலைமை ஒன்றுதான். என்னுடையது படிக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவு வித்தியாசம்.

இனி சண்டைக்கு வருகிறேன். 'ஆஸ் ஈஸ்' என்ற வார்த்தை எதற்கு இருக்கிறது? விற்கிறவனுக்குத் தெரியாத குறைக்கு இருக்கிறது. கியர் பெட்டிக்குள் ஒரு பல் விரிசல் விட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது, நீங்கள் உங்கள் பொறுப்பில் வாங்குங்கள். இது நியாயம். ஆனால் ரோல் பார் இல்லை என்பது எனக்குத் தெரிந்த குறை, கண்ணுக்குத் தெரிகிற குறை, என்ன ஆகும் என்பதும் தெரிந்த குறை. சரி செய்ய என்ன விலை என்பது வரை தெரியும். இதையும் அந்த வார்த்தைக்குள் தள்ளுவது ஏமாற்று.

சட்டம் ஏதும் கேட்கவில்லையே என்பார்கள். கேட்கவில்லை, உண்மை. 1976 அக்டோபர் 25க்குப் பிறகு செய்த டிராக்டரை, சம்பள ஆள் ஓட்டுவதாக இருந்தால் ரோல் பார் வேண்டும் என்று இங்கே மத்திய விதி இருக்கிறது. தன் நிலத்தில் தானே ஓட்டுபவரை, அவர் வீட்டாரை அந்த விதி தொடாது. கம்பெனிகள் தாங்களாகவே 1985லிருந்து புது வண்டிகளில் போட்டு விற்க ஆரம்பித்தன. ஸ்வீடனில் 1959லேயே புது டிராக்டருக்குக் கட்டாயம் ஆக்கினார்கள், பிறகு பழசுக்கும் கொண்டு வந்தார்கள், கவிழ்ந்து சாவது அங்கே கிட்டத்தட்ட நின்றே போயிற்று. இங்கே ஜப்பானிலிருந்து வருகிற பழைய வண்டி இந்த ஏற்பாடுகளின் இடுக்கில் நுழைந்து வருகிறது. அந்த இடுக்கில்தான் நாம் வியாபாரம் பண்ணுகிறோம்.

இதில் கம்பெனிகளும் யோக்கியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரே டிராக்டர் ஆபத்து என்று பேச்சை எடுத்தாலே, அதெல்லாம் புது வண்டி விற்பதற்காகப் பெரிய கம்பெனிகள் கிளப்பிவிடுகிற பயம் என்பார்கள் என் நண்பர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. குபோட்டா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் விற்பதற்கென்று செய்த தங்கள் பழைய டிராக்டர்களை மற்றவர்கள் இங்கே இறக்கக் கூடாது என்று அவர்கள் போனது அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்துக்கு. 1997இல் உத்தரவு வந்தது, 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கின் அஸ்திவாரம் டிரேட்மார்க். ஒரே பெயர் போட்ட வண்டி, ஆனால் இங்கே விற்பதற்குச் செய்ததிலிருந்து வேறுபட்டது, வாங்குபவர் குழம்புவார் என்று வாதம். வேறுபாடுகளில் ஒன்றாகச் சொன்னது, எச்சரிக்கை ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் இல்லை என்பது. பெயரைக் காப்பாற்றுவதற்கு ஸ்டிக்கர் நீதிமன்றம் வரை போயிற்று. ஓட்டுபவரின் முதுகெலும்பை யாரும் அங்கே வழக்காகக் கொண்டு போகவில்லை. ஆனால் கம்பெனி சுயநலத்தில் பேசியது என்பதால் வண்டி கவிழாமல் இருந்துவிடுமா? கம்பெனி செய்யவில்லை, சட்டம் கேட்கவில்லை, ஆக வாங்குபவருக்கும் ஆபத்துக்கும் நடுவில் மிச்சம் இருப்பது விற்கிற நான் ஒருவன்தான்.

"என் தாத்தா நாற்பது வருடம் ரோல் பார் இல்லாமல் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை" என்பது இந்த ஊர்ப் பெரியவர்களின் பிரியமான வசனம். ஒன்றும் ஆகாத தாத்தாக்களின் பேரன்கள்தான் இதைச் சொல்ல வருவார்கள். நம் ஊரிலும் இதே கதைதான். மட்கார்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, பின்னால் ஒருவன் தொங்கிக்கொண்டு போவதை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் நானே உட்கார்ந்து போயிருக்கிறேன், அப்பா பார்த்துவிட்டு வைததும் ஞாபகம் இருக்கிறது. சேற்றில் மாட்டிய வண்டியின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பார்கள், அதுவும் டாப் லிங்கில் கட்டி இழுப்பதும் ஒரே விஷயம்தான். சக்கரம் நின்றால் வண்டி எழும்பும்.

நிலம் சமதரை என்பது அடுத்தது. சனிக்கிழமை வந்த பையன் சொன்னதும் அதுதான். என்னிடம் வாங்கியவர் நிலமும் சமதரைதான், கேரம் போர்டு மாதிரி. "கவிழ்கிறபோது குதித்துவிடலாம்" என்பவர்களுக்கு அந்த முக்கால் நொடியைத் திரும்பச் சொல்வதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. எழுபது வயதில் நான் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.

எனக்குக் கஷ்டம் கொடுக்கிற வாதம் ஒன்றே ஒன்றுதான், அதை என் மச்சான் சொன்னான். அவனும் அட்லாண்டா பக்கம் இரண்டு மூன்று வண்டி வாங்கி விற்றவன். "மச்சான், உங்களுக்குப் பென்ஷன் வருது, நீங்க தர்மம் பேசலாம். வாங்க வர்றவன் யாரு? நாலாயிரம் டாலரை மூணு வருஷமாச் சேர்த்து வெச்சுட்டு வர்றான். எண்ணூறு கூடினா அவன் டிராக்டரே வாங்க மாட்டான். இல்லேன்னா வேற எவன்கிட்டயாவது பார் இல்லாத வண்டியைத்தான் வாங்குவான். நீங்க யாரைக் காப்பாத்தினீங்க?" என்றான்.

இதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பல நாள் யோசித்தேன். சனிக்கிழமை வந்த தம்பதி நிச்சயமாக வேறு எங்காவது பார் இல்லாத வண்டி வாங்கப் போகிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் மச்சான் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த எண்ணூறை வாங்குபவர்தான் தர வேண்டும் என்று யார் சொன்னது? வாங்குகிற இடத்திலேயே நான் அதைக் கழித்துப் பேசலாமே. நெடுஞ்சாலை வியாபாரியிடம், "இதில் பார் இல்லை, எனக்கு 700 செலவு இருக்கிறது, நாலாயிரத்து நூறுதான் தருவேன்" என்று நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஏன்? டயர் தேய்ந்திருந்தால் விலை குறைப்போம், பேட்டரி செத்திருந்தால் குறைப்போம். பார் இல்லாததை நாம் குறையாகவே எண்ணுவதில்லை, ஏதோ ஆடம்பரச் சாமான் மாதிரி நினைக்கிறோம். வாங்கி விற்கிற நம்மைப் போன்றவர்கள் அத்தனை பேரும் வாங்கும்போதே இப்படிக் கழிக்க ஆரம்பித்தால், அந்த மைதானத்துக்காரன் பெயிண்டுக்குச் செலவு பண்ணுகிற காசை அதில் போடுவான். ஏழை வாங்குபவர் பேரைச் சொல்லி நாம் காப்பாற்றுவது நம் லாபத்தைத்தான். மச்சானிடம் இதைச் சொன்னேன். "பார்க்கலாம் மச்சான்" என்றான். அவன் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று என் மனைவிக்குத்தான் தெரியும், அவள் தம்பி.

உதவித் திட்டங்களும் இருக்கின்றன. பழைய டிராக்டருக்கு ரோல் பார் போட்டால் செலவில் ஏறத்தாழ 70 சதவீதம் திருப்பித் தரும் திட்டம் நியூயார்க் மாநிலத்தில் 2006இல் ஆரம்பித்தது, பிறகு வேறு மாநிலங்களுக்கும் பரவியது. உங்கள் மாநிலத்தில் உண்டா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இன்னொரு அயோக்கியத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு விளம்பரத்தில் 'ரோல் பாருடன்' என்று போட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தேன். தோட்டத்துக் கேட்டுக்குப் போடுகிற குழாயை வளைத்து, தகர மட்கார்டில் வெல்டு வைத்து, மேலே கறுப்பு பெயிண்ட். வண்டி எடை ஒரு முறை விழுந்தால் அது ஸ்ட்ரா மாதிரி மடியும், மடிந்து முதுகிலேயே குத்தும். வெயிலுக்குப் போடுகிற நாலு கால் கூரையையும் சிலர் அதே பெயரில் விற்கிறார்கள். உண்மையான பாரில் ஒரு தகடு இருக்கும், யார் செய்தது, எந்த மாடல் வண்டிக்கு, எந்தத் தரப்படி சோதித்தது என்று. தகடு இல்லை என்றால் அது குழாய். வெல்டிங் தெரிந்த நண்பர்கள், நானே அடித்துப் போட்டுக்கொள்கிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். எனக்கும் வெல்டிங் தெரியும், நான் தொடவில்லை. பார் கொஞ்சம் வளைந்து அடியை வாங்க வேண்டும், ஆனால் முறியக் கூடாது. அதைக் கணக்குப் போட்டு, உடைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சில மாடல்களுக்குப் பார் எங்கேயும் கிடைக்காது. அப்போது என்ன செய்வது? பிரித்துப் பாகமாக விற்றுவிடுங்கள். இன்ஜினை எடுத்துத் தண்ணீர் பம்புக்குப் போடுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நான் வாங்கிய இரண்டாவது வண்டியை அப்படித்தான் பிரித்தேன், நானூறு டாலர் நஷ்டம். மனைவிக்கு அந்தக் கணக்கு இன்றுதான், இதைப் படித்துத்தான், தெரியப்போகிறது.

விற்கும்போது பி.டி.ஓ. பற்றியும் வாயைத் திறந்து சொல்லுங்கள். இங்கே கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில் செய்தவை. ஜப்பான் வண்டியில் பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகம் இருக்கும், அங்கே ரோட்டவேட்டருக்காக வைத்தது. புதிதாக வாங்குபவர் தெரியாமல் மேல் கியரில் போட்டுப் புதர் வெட்டும் கட்டரை ஓட்டினால் பிளேடு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிளட்சை மிதித்தாலும் கட்டர் சுற்றுகிற வேகமே வண்டியை முன்னால் தள்ளும், அதைத் தடுக்க நடுவில் ஒரு ஓவர்ரன்னிங் கிளட்ச் வேண்டும், நூறு டாலர் சமாசாரம். லீவரில் எழுதியிருப்பதெல்லாம் ஜப்பானிய மொழி. நான் இப்போது ஒவ்வொரு லீவருக்கும் ஆங்கிலத்தில் லேபிள் அடித்து ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்போம், கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி பீக்கன் பை செய்து கொடுத்தனுப்புவார். அந்த டிராக்டரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, போன வருடம், என் கொட்டகையில் இந்த மூன்றாவது வண்டியைப் பார்த்தார். தடியால் ரோல் பாரை இரண்டு முறை தட்டினார். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். "780" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தக்காளி எப்படிக் காய்த்திருக்கிறது என்று பேச்சை மாற்றினார்.

அந்த வண்டி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. இருபத்திரண்டு குதிரைத் திறன், நான்கு சக்கர இழுவை, கியர் எண்ணெய் புதுசு, முன் சீல் புதுசு, மணி மீட்டரில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். கொட்டகைக் கதவு உயரம் போதாதவர்களுக்கு, பாரை மடக்கிக்கொள்ளலாம், வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். விலை 6,400. கொஞ்சம் குறைத்துப் பேசலாம். பாரைக் கழற்றித் தர மாட்டேன்.